மூன்று ஆமா, ஒரு வெள்ளை போர்டு

ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு முடித்ததும் அவர் பேனாவின் மூடியைத் தேடினார். மேசைமேல் இல்லை. குனிந்து, தரையில் கிடந்ததை எடுத்து, சட்டையில் துடைத்து, பேனாவில் மாட்டி என்னிடம் நீட்டினார். மூடி இல்லாமல் கொடுத்திருந்தால் நான் மூன்று மாதமாக அதையே நினைத்துக்கொண்டிருக்க மாட்டேன். திருடிப் பிடிபட்ட மனிதன், விசாரணை முடிந்த ஐந்தாவது நிமிடத்தில், அடுத்தவர் பேனா காய்ந்துவிடுமே என்று கவலைப்படுவானா?

"அண்ணி." முழங்கையில் ஓர் இடி. "அந்தப் பொண்ணு மூணாவது தடவையா கேக்குது. பதில் சொல்லுங்க. இல்லேன்னா மூச்சாவது விடுங்க, பயமா இருக்கு."

இடித்தது என் நாத்தனார். இரண்டு நாள் தங்கிப்போக வந்தவள், நான்கு வருடமாக என் துப்பறியும் அலுவலகத்தின் ஒரே உதவியாளர். அலுவலகம் என்பது எங்கள் வீட்டு முன்னறை. இரண்டு மேசை, ஓர் அலமாரி, ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டரில் கேமராப் பதிவை ஓட்டினால், திருடன் தூக்கிய காலைக் கீழே வைப்பதற்குள் நாத்தனார் துணி உலர்த்திவிட்டு வந்துவிடுவாள். அதனால்தான் அன்று கம்ப்யூட்டர் உதிரிபாகக் கடையில் நின்றோம். பெட்டி இருக்கட்டும், உள்ளே ப்ராசஸரையும் மதர்போர்டையும் மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று திட்டம்.

"எதுக்குப் பயன்படுத்துவீங்கன்னு கேட்டேன்," என்றாள் கடைக்காரப் பெண். கழுத்தில் அடையாள அட்டை தொங்கவேண்டிய இடத்தில் ஒரு குட்டி ஸ்க்ரூடிரைவர் தொங்கியது.

"வீடியோ பாக்க," என்றேன்.

"அடுத்தவங்க வீடியோ," என்றாள் நாத்தனார்.

அந்தப் பெண் சிரிக்காமல் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தாள். "முதல்ல ப்ராசஸரை முடிவு பண்ணுங்க. வேலை பாக்கிறது அதுதான். போர்டு அது உக்கார்ற இடம். இடம் சரியில்லைன்னா எவ்வளவு கெட்டிக்கார ப்ராசஸரா இருந்தாலும் சும்மாதான் உக்காந்திருக்கும்."

"எங்க அண்ணன் ஆபீஸ்ல இருக்கிற மாதிரி," என்றாள் நாத்தனார். 'அண்ணன்' என் கணவர்.

ப்ராசஸரைத் தேர்ந்தெடுக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. போர்டு என்று வந்ததும் நாத்தனார் மேல் தட்டைக் காட்டினாள். "அது என்ன, ஓரமா இருக்கே. விலையும் குறைவு. இதே ப்ராசஸர் அதுல பொருந்தாதா?"

"பொருந்தும். ஆனா வேண்டாம்."

"பொருந்தும்னா ஏன் வேண்டாம்?"

"அது ரெண்டு வருஷப் பழைய ஸ்டாக். அந்த போர்டைச் செஞ்சப்போ இந்த ப்ராசஸர் பொறக்கவே இல்லை. போர்டுக்குள்ள பயாஸ்னு ஒரு சின்ன ப்ரோக்ராம் இருக்கு. எந்தெந்த ப்ராசஸரை உள்ள விடலாம்னு அதுகிட்ட ஒரு பட்டியல் இருக்கும். பட்டியல்ல பேர் இல்லைன்னா விடாது."

"விடலைன்னா என்ன ஆகும்?" இதைக் கேட்டது நான். என் குரல் எனக்கே கொஞ்சம் தள்ளிக் கேட்டது.

"ஃபேன் சுத்தும். லைட் எரியும். திரை மட்டும் வராது. பாக்கிறவங்க ப்ராசஸர் செத்துப்போச்சுன்னு நினைச்சுப்பாங்க. அது நல்லாத்தான் இருக்கும்."

"அதைச் சரி பண்ண முடியுமா?"

"அரை மணி நேர வேலை. அந்த போர்டுக்கு ஏற்கெனவே தெரிஞ்ச பழைய ப்ராசஸர் ஒண்ணை முதல்ல மாட்டணும். போர்டு எழுந்திரிக்கும். பயாஸைப் புதுப்பிச்சிட்டு, பழசைக் கழட்டிட்டுப் புதுசை மாட்டிடலாம். எங்க தொழில்ல இருக்கிற எல்லார்கிட்டயும் பழசு ஒண்ணு கிடக்கும்." இழுப்பறையிலிருந்து ஒரு சோப்பு டப்பாவை எடுத்துத் திறந்தாள். உள்ளே பஞ்சின்மேல், விரல் நுனியால் தேய்ந்து மங்கிய ஒரு ப்ராசஸர்.

நான் பார்த்தது வேறு பெட்டியில். மூக்குக்கண்ணாடிக் கூட்டில், இதே போல் பஞ்சின்மேல். பேனா மூடியைத் தேடிய அந்த மனிதரின் பையிலிருந்து என் கையாலேயே எடுத்தேன்.

நாத்தனார் சோப்பு டப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னை.

"அண்ணி, வெள்ளை ஆபீஸ் கேஸ்," என்றாள்.

வெள்ளை ஆபீஸ் என்று நாங்கள் பெயர் வைத்தது ஓர் ஆர்க்கிடெக்டின் அலுவலகத்துக்கு. சுவர், மேசை, நாற்காலி, பூத்தொட்டி எல்லாம் வெள்ளை. மூன்று மாதத்துக்கு முன்னால் அங்கே ஒரு கம்ப்யூட்டரைப் புதுப்பித்தார்கள். புது ப்ராசஸர், புது போர்டு. மாட்டியதும் திரை வரவில்லை. விற்ற கடையில் கேட்டால், ப்ராசஸரை உங்கள் கண்முன்னால் சோதித்துத்தான் கொடுத்தோம், நல்ல பொருள் என்றார்கள். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், ஆள் இல்லாத அறையில், அலுவலகத்தின் சர்வீஸ்காரர் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு, பையில் ஒரு பழைய ப்ராசஸருடன் நின்றார். ஆர்க்கிடெக்ட் பார்த்துவிட்டார். என்னைக் கூப்பிட்டார்.

நான் விசாரிக்கும் முறை பேர்போனது. நீளமாகக் கேட்பதில்லை. ஆமா அல்லது இல்லை, இரண்டில் ஒன்று சொல்ல வேண்டும். பேசவிட்டால் பொய்க்கு இடம் கிடைத்துவிடும் என்பது என் கொள்கை. ஐம்பதைத் தாண்டிய அந்த மனிதரிடமும் அப்படித்தான் கேட்டேன்.

"இது உங்க பையில இருந்ததா?"

"ஆமா மேடம்."

"இந்த போர்டுல இது வேலை செய்யுமா?"

"ஆமா."

"புதுசைக் கழட்டிட்டு இதை மாட்டத்தான் வந்தீங்களா?"

"ஆமா. ஆனா மேடம்..."

"ஆமா போதும்."

மூன்று ஆமாவை வைத்து ஒரு கதை கட்டினேன். நல்ல ப்ராசஸரை எடுத்துக்கொண்டு, அதே ரகத்தில் செத்துப்போன ஒன்றை வைத்திருக்கிறார். திரை வராமல் மாட்டிக்கொள்வோம் என்று, பழையதை மாட்டிச் சமாளிக்கப் பார்த்திருக்கிறார். கதை அழகாக இருந்தது. ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போட என் பேனாவைத்தான் கொடுத்தேன்.

"செத்துப்போன ப்ராசஸர் எங்கே இருக்கு?" என்று கேட்டாள் நாத்தனார், கடையை விட்டு வெளியே வந்ததும். தெரிந்துதான் கேட்டாள்.

"நம்ம அலமாரியில. உறையில போட்டு முத்திரை வச்சிருக்கேன்."

"யாரும் தொடக் கூடாதுன்னு."

"ஆதாரம் கலையக் கூடாதுன்னு."

"யாராவது கலைச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்," என்றாள். திட்டவில்லை. அவள் திட்டியிருந்தால் வீடுவரை நடப்பது சுலபமாக இருந்திருக்கும்.

வீட்டில் அலமாரியைத் திறந்தேன். உறையில் என் கையெழுத்து, தேதி, வழக்கு எண், எல்லாம் நேர்த்தியாக இருந்தன. நேர்த்தியாக வேலை செய்கிறவர்களுக்குத் தவறு வராது என்று எனக்கு நானே எத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கோப்பில் நான் எடுத்த புகைப்படங்கள் இருந்தன. ஒன்றில், குப்பைக்குப் போகக் காத்திருந்த வெள்ளை ஆபீஸ் போர்டின் அட்டைப்பெட்டி, நான்கு பக்கமும். புதிய ஸ்டாக் பெட்டிகளில் 'புதிய ப்ராசஸர்களுக்குத் தயார்' என்று ஒரு வட்ட ஸ்டிக்கர் இருக்கும் என்று கடைக்காரப் பெண் காட்டியிருந்தாள். படத்தில் நான்கு பக்கமும் வெறும் அட்டை.

"படமெடுத்தவங்க திறமைசாலி," என்றாள் நாத்தனார். "ஒரு மூலை விடலை."

கடைக்குத் திரும்பினோம். முத்திரையை நானே கிழித்தேன். கடைக்காரப் பெண் ப்ராசஸரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சோதனைக்கென்று மேசைமேல் விரித்துவைத்திருந்த ஒரு போர்டில் உட்காரவைத்து, சின்ன நெம்புகோலைத் தாழ்த்தினாள். மேலே ஃபேன். ஸ்க்ரூடிரைவர் முனையால் இரண்டு கம்பிகளைத் தொட்டாள்.

நான் சாமியை நம்புகிறவள் இல்லை. ஆனால் அந்த நான்கு வினாடி, அது செத்தே இருக்கட்டும் என்று யாரையோ வேண்டிக்கொண்டேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு மனிதர் திருடராகவே இருந்துவிட்டால் எனக்கு நிம்மதி.

திரை வந்தது. ப்ராசஸரின் பெயர், வேகம், எல்லாம் பளிச்சென்று.

"அருமையா இருக்கு," என்றாள் அந்தப் பெண். "பயன்படுத்தாமலே வச்சிருந்தீங்களா?"

சோதித்ததை ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன். எங்கள் கம்ப்யூட்டருக்கு அன்று எதுவும் வாங்கவில்லை.

சர்வீஸ்காரரைக் கண்டுபிடிக்கத் துப்பறிய வேண்டியிருக்கவில்லை. நாத்தனாருக்குத் தெரிந்திருந்தது. ஒரு வணிக வளாகத்தின் அடித்தளத்தில் வண்டி நிறுத்துமிடம்; வாசலில் ஒரு கூண்டு; அதில் உட்கார்ந்து சீட்டுக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"போன மாசம் வண்டியை இங்கதான் விட்டேன். வணக்கம் சொன்னார்."

"எங்கிட்ட சொல்லலையே."

"நீங்க கேக்கலையே, அண்ணி. கேட்டிருந்தா ஆமான்னு சொல்லியிருப்பேன்."

எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். கூண்டுக்குள் எழுந்தால் தலை இடிக்கும். கழுத்தைச் சாய்த்து நின்றார். கூப்பிட்டு அனுப்பிய மாணவன்போல, இன்னொரு விசாரணைக்குத் தயாராக.

"உக்காருங்க," என்றேன். "அன்னைக்கு என்ன நடந்தது?"

அவர் காத்திருந்தார். கேள்வியின் மிச்சம் வரும் என்று எதிர்பார்த்தார் போல. "ஆமா, இல்லைன்னு சொல்லணுமா மேடம்?"

"இல்லை. முழுசா சொல்லுங்க. நான் நடுவுல பேச மாட்டேன்."

"நான் பாத்துக்கறேன்," என்றாள் நாத்தனார்.

எங்கே தொடங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு காருக்குச் சீட்டுக் கொடுத்தார். பிறகு சொன்னார். "என்ன வாங்கணும்னு நான்தான் எழுதிக் கொடுத்தேன். ப்ராசஸர், அதுக்கு ஏத்த போர்டு. கறுப்பு போர்டு, புது ஸ்டாக். பெட்டியில ஸ்டிக்கர் பாத்து வாங்கணும்னுகூட எழுதியிருந்தேன். சார் வெள்ளை போர்டு வாங்கிட்டு வந்தார். கண்ணாடிப் பெட்டியாச்சே, உள்ள கறுப்பா தெரிஞ்சா அறைக்கே பொருந்தாதுன்னார்."

"மூஞ்சியைப் பாத்து வாங்கியிருக்கார்," என்றாள் நாத்தனார்.

"கட்டடம் வரையறவர் இல்லையாம்மா. முகப்புதான் முதல்ல கண்ணுக்குப் படும். திரை வரலைன்னதும் எனக்குக் காரணம் தெரிஞ்சுபோச்சு. சுத்தி பத்து பேர் நிக்கிறாங்க. சார், நீங்க வாங்கினது தப்புன்னு எப்படிச் சொல்றது? நண்பர்கிட்ட பழைய ப்ராசஸர் இரவல் வாங்கிட்டு வந்தேன். சாப்பாட்டு நேரத்துல சத்தமில்லாம முடிச்சிட்டா அவருக்கும் சங்கடமில்லைன்னு நினைச்சேன்."

"இதை ஏன் அப்பவே..." நான் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

"சொல்ல வந்தேன் மேடம். ஆமா போதும்னீங்க."

பேருந்து நேரத்தைச் சொல்வதுபோல் சொன்னார். குற்றம்சாட்டுகிற தொனியே இல்லை. அதனால் எனக்குப் பிடித்துக்கொள்ள எதுவுமே கிடைக்கவில்லை.

பையிலிருந்து மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்து அவரிடம் நீட்டினேன். திறந்து பார்த்தார். பழைய ப்ராசஸர் பத்திரமாக இருந்தது. "நல்லதாப் போச்சு," என்றார். "நண்பர்கிட்ட இதைத் தொலைச்சிட்டேன்னு சொல்லியிருந்தேன். விசாரணையில இருக்குன்னு சொல்ல முடியலை."

"நான் என்ன செய்யணும்?" என்று கேட்டேன். மன்னிப்பு என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. அதைச் சொன்னால் அவர் உடனே பரவாயில்லை என்பார்; நான் இலேசாகிவிடுவேன். அந்த இலேசை அவரிடமிருந்து வாங்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

"திங்கட்கிழமை ஒரு கல்லூரி லேப்ல ஆள் எடுக்கிறாங்க. கடைசியா வேலை பாத்த இடத்துல கடிதம் கேக்கறாங்க." கூட்டை மூடினார். "நல்லவன், வல்லவன்னெல்லாம் எழுத வேண்டாம் மேடம். எடுக்கலைன்னு எழுதினாப் போதும். வேலை கிடைக்குதோ இல்லையோ, அந்த வார்த்தை ஒரு தாள்ல இருக்கணும். என் பொண்ணு அதைப் படிச்சுப் பாக்கணும்."

வெளியே வந்ததும், "கடிதத்தை வீட்டுல டைப் பண்ணிடலாம்," என்றேன்.

"நம்ம கம்ப்யூட்டரை இப்ப போட்டா திங்கட்கிழமை சாயங்காலம் எழுந்திரிக்கும். கையால எழுதுங்க," என்றாள் நாத்தனார். ஒரு டீக்கடை மேசையில் உட்கார்ந்து எழுதினேன். முதல் வரியில் என் தவறு. இரண்டாவது வரியில் அவர் கேட்ட வார்த்தை. கீழே என் கையெழுத்து, பக்கத்தில் ஆர்க்கிடெக்டுக்கு இடம் விட்டேன்.

வெள்ளை ஆபீஸ் அப்படியே இருந்தது. ஆர்க்கிடெக்ட் எழுந்து வந்து வரவேற்றார். நல்ல மனிதர்தான், ஊழியர்களின் குழந்தைகள் பெயர்கூட அவருக்குத் தெரியும். அவருடைய அறையில், மேசை ஓரம், அந்தக் கண்ணாடிப் பெட்டி இருந்தது. உள்ளே நீல விளக்குகளுக்கு நடுவே வெள்ளை போர்டு. திரையில் ஒரு வீட்டின் முகப்பு மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது.

நடந்ததைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாமல் போயிற்று என்று. அப்போதுதான் அந்தச் சுழலும் வீடு என்னைத் தடுத்தது. போர்டு அதே போர்டு. அதற்கு வாங்கிய ப்ராசஸர் என்னிடம் இருக்கிறது. அப்படியானால் இது எப்படி ஓடுகிறது?

"ஒரு கேள்வி, சார். இது அதே போர்டுதானா?"

"ஆமா."

"அப்புறம் வாங்கினதும் அதே ரக ப்ராசஸர்தானா?"

"ஆமா, அதேதான்."

"அதை மாட்டினதும் திரை வந்துடுச்சா?"

மூன்றாவது ஆமா வரவில்லை. அவர் பூத்தொட்டியைப் பார்த்தார்.

"ஐயோ, என் தோட்டுத் திருகாணி," என்று நாத்தனார் மேசைக்குப் பின்னால் குனிந்தாள். அவள் அன்று தோடே போட்டிருக்கவில்லை. சில வினாடி கழித்துக் கண்ணாடிப் பெட்டியின் முதுகுப் பக்கத்திலிருந்து குரல் மட்டும் வந்தது. வேறு யாரோ சர்வீஸ் செய்தவர் ஒட்டிப் போன ஸ்டிக்கரை, பள்ளிக்கூடப் பாடம்போல் நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். "புது ப்ராசஸரும் திரை தரவில்லை. பயாஸ் பழையது. அப்டேட் செய்து சரிசெய்யப்பட்டது. தேதி... அண்ணி, அவர் வேலையை விட்ட நாலாம் நாள். கீழ வாடிக்கையாளர் கையெழுத்து இருக்கு. அழகான கையெழுத்து." போனில் படமெடுக்கும் சத்தம் கேட்டது.

எனக்கு இன்று காலைவரை தெரியாது. இவருக்கு நான்காம் நாளே தெரிந்திருக்கிறது.

"உக்காருங்க," என்றார் ஆர்க்கிடெக்ட், நான் உட்கார்ந்துதான் இருந்தேன். "தெரிஞ்சப்போ எல்லாம் முடிஞ்சுபோச்சு, மேடம். ஆபீஸ் முழுக்கப் பேசிட்டாங்க. திரும்பக் கூப்பிட்டா என்னன்னு சொல்றது? நான் போர்டு வாங்கினது தப்புன்னா? ஒரு நாள்கூட நிம்மதியா இல்லை, நம்புங்க." கொஞ்சம் நிறுத்தினார். "அதோட, நானா முடிவு பண்ணலையே. உங்க ரிப்போர்ட்டை வச்சுத்தான் பண்ணினேன்."

அது உண்மை. நான் தலையாட்டினேன்.

டீக்கடையில் எழுதிய கடிதத்தை அவர் முன்னால் வைத்தேன். படித்தார். இழுப்பறையைத் திறந்து தன் தலைப்புத்தாளில் அச்சிட்ட ஒன்றை எடுத்தார். முன்பே தயாராக இருந்தது. இவரும் இதை மூன்று மாதமாகச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார்.

"இதைப் படிங்க. எங்கே வேலைக்குப் போனாலும் ஏத்துக்குவாங்க. அவர் ராஜினாமா பண்ணினப்போ கூட இருந்தவங்க நீங்க, அதனால சாட்சியா உங்க கையெழுத்து. பழைய ரிப்போர்ட் கோப்புல தூங்கட்டும். உங்க பேர் கெடாது, என் பேர் கெடாது, அவருக்கும் வேலை கிடைச்சிடும்."

நேர்மையானவர், உழைப்பாளி, பதினோரு வருட அனுபவம், சொந்தக் காரணங்களுக்காக விலகினார். இரண்டு முறை படித்தேன். அத்தனை நல்ல வார்த்தைகளுக்கு நடுவில், எடுக்கவில்லை என்ற அந்த ஒரு வார்த்தை மட்டும் இல்லை.

அவர் பேனாவைத் திறந்து நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். கை தானாக வாங்கிக்கொண்டது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அது பொய். ஒரு கையெழுத்தில் எல்லாம் முடிந்துவிடும், யாரும் என்னை எதுவும் கேட்க மாட்டார்கள் என்று முழு நினைவோடுதான் வாங்கினேன். கண்ணாடிப் பெட்டிக்குள் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

"எங்கே போடணும்னா, இங்கே," என்று விரலால் காட்டினார்.

"இதுல ஒரு வார்த்தை இல்லை, சார்."

"எல்லாம் இருக்கே. நல்லபடியாத்தானே எழுதியிருக்கேன்."

"ஆமா," என்றேன்.

பேனாவின் மூடி எங்கே என்று தேடினேன். கீபோர்டுக்குப் பின்னால் உருண்டிருந்தது. எடுத்துப் பேனாவில் மாட்டி, அவருடைய தாளின்மேல் வைத்து, இரண்டையும் அவர் பக்கம் மெல்ல நகர்த்தினேன்.